சுவரோரம் போற மவராசனுக்கு

படம் வந்துச்சு மக்கா. கருப்பு ரப்பர் சட்டை, முதுகுல உருளை, மூஞ்சிய மறைச்சு ஒரு கண்ணாடி, வாயில குழாய். உங்க பாட்டிகிட்ட காட்டுனேன். "கொசு மருந்து அடிக்க வந்தவனா இவன்?"ன்னு கேட்டா. உன் பேரன்தாம்ட்டி, சிப்பாடான்னு ஒரு தீவு, அங்க கடலுக்குள்ள இருக்க சுவரப் பாக்கப் போறான்னேன். "ஏன், கோலாலம்பூர்ல சுவரே கட்டலியாமா?"ன்னுட்டு அரிசி களையப் போயிட்டா.

நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். கடலுக்குள்ள போறவனப் போகாதன்னு சொல்ற வாய் எனக்குக் கிடையாது. சங்கு குளிச்சுத்தான் உங்க அப்பனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுனேன். ஒரே ஒரு வித்தியாசம். நான் உள்ள போனா எனக்குக் காசு குடுத்தாங்க. நீ உள்ள போறதுக்குக் காசு குடுக்க. நான் வெறுங்கையோட மேல வந்தா சம்மாட்டி ஏசுவாரு. நீ எதையாச்சும் கையில எடுத்துட்டு வந்தா போலீசு புடிக்கும். படிச்ச புள்ள, உன் கணக்கு சரியாத்தான் இருக்கும்.

நீ அனுப்புன முக்குளிப்புப் பாடப் புத்தகத்த உன் தங்கச்சி ராத்திரி ராத்திரி எனக்கு வாசிச்சுச் சொன்னா. இந்த வீட்டுல அட்டையில இருந்து அட்டை வரைக்கும் வாசிச்சு முடிச்ச பொஸ்தகம் அது ஒண்ணுதான். பைபிளு இன்னும் பாதியில நிக்கி. ஊரப் பத்தியும் விசாரிச்சேன், கப்பல்ல வேல பாத்துட்டு வந்த பையன் ஒருத்தன் நம்ம தெருவுல இருக்கான். போர்னியோவுல சபா மாநிலம், தவாவ்ல விமானம் இறங்கி, செம்பொர்னாவுக்கு வண்டி, அங்கருந்து படகு. தீவு மொத்தமே 12 ஹெக்டேர் சொச்சம். ஒரு பீடி பத்த வச்சுட்டு நடந்தா ரெண்டாவது பீடி தீர்றதுக்குள்ள புறப்பட்ட எடத்துக்கே வந்துரலாம் போல. செத்துப்போன எரிமலையோட தலையில பவளம் வளந்து வளந்து உண்டான தீவாம்.

இந்தத் துக்குணித் தீவுக்கு ரெண்டு நாடு கோர்ட்டுக்குப் போயிருக்கு, தெரியுமா உனக்கு? உனக்கு எங்க தெரியும், நீ மீனு படம் பாக்கத்தான போற. மலேசியாக்காரன் எங்களுதுங்கான், இந்தோனேசியாக்காரன் எங்களுதுங்கான். வெள்ளக்காரனும் டச்சுக்காரனும் 1891ல போட்ட ஒப்பந்தத்த எடுத்துப் பாத்தா அதுல ஒண்ணும் வெளங்கல. ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்துல 2002 டிசம்பர்ல தீர்ப்பு. 17 நீதிபதியில 16 பேரு மலேசியா பக்கம். எதை வச்சுச் சொன்னாங்க? ஆமை முட்டைய வச்சு! யாரு முட்டை பொறுக்கலாம், எவ்வளவு பொறுக்கலாம்னு 1917லயே வெள்ளக்காரன் சட்டம் போட்டு, பொறுக்குறவங்க சண்டையையும் தீத்து வச்சிருக்கான். 1933ல பறவைக்குக் காப்பிடம்னு அறிவிச்சிருக்கான். 1962ல வெளக்குமரம் வச்சிருக்கான். அத்தன நாளும் இந்தோனேசியா பக்கத்துல இருந்து "ஏன்டா"ன்னு கேட்ட ஆளில்ல. முட்டைய எண்ணுனவனுக்குத் தீவு. நம்ம தெருவுல ஒரு வேலிக்கு மூணு தலைமுறையா வாய்தா வாங்குதாங்க. அவனுககிட்டச் சொன்னேன், ஆமை வளத்துப் பாருங்கலேன்னு.

இன்னொரு சங்கதியும் கேட்டுக்கோ, பயமுறுத்தச் சொல்லல. 2000மாவது வருசம் ஏப்ரல் 23, உயிர்த்த ஞாயிறு அன்னைக்கு, துப்பாக்கிக்காரங்க படகுல வந்து அந்தத் தீவுல இருந்து 21 பேரத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, பிலிப்பைன்ஸ் பக்கம். சுத்திப் பாக்க வந்தவங்க பாதி, அங்க சமையல், படகுன்னு வேல பாத்தவங்க பாதி. இப்ப தீவுல காவல் நிக்கி. பவளத்தக் காப்பாத்தணும்னு 2004 கடைசியோட அங்க இருந்த விடுதியையெல்லாம் எடுத்துட்டாங்க. அதனால ராத்தங்கல் கிடையாது, ஒரு நாளைக்கு இத்தன பேருதான்னு சீட்டு வேற. நீ மாபுல் தீவுல படுத்துட்டு காலையில எந்திரிச்சுப் போகணும். காலையில எந்திரிக்கிறதுதான் உனக்குக் கடலவிட ஆழம்.

சரி, சுவருக்கு வருவோம்.

அந்தத் தீவுக் கரையில இறங்கி நட. கணுக்கால் தண்ணி, முழங்கால், இடுப்பு. இன்னும் கொஞ்சம் நீந்து. அங்க தரை முடிஞ்சு போச்சு. நேரா கீழ எறங்குது, அடிமட்டம் 600 மீட்டர்ல இருக்காம். நம்ம மன்னார் வளைகுடா அப்பிடியில்ல. சங்கு கெடக்குற எடம் 8 பாகம், 10 பாகம். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், அதுவாச்சும் ஞாபகம் இருக்கா? போனா காலு மண்ணுல முட்டும். முட்டுனா கடலே சொன்ன மாதிரி: இதுதான் முடிவு, கெடச்சத எடுத்துட்டு மேல போ. உன் சுவருல அப்பிடிச் சொல்றதுக்கு ஆளில்ல.

ஆளில்லாத எடத்துல நீ எப்பிடி நடந்துக்குவன்னு எனக்குத் தெரியும். 18 மீட்டர்ல இருப்ப. தண்ணி கண்ணாடியாத் தெளிஞ்சு கெடக்கும். கொஞ்சம் கீழ ஒரு பெரிய விசிறிப் பவளம் தெரியும். ஒரு படம் எடுப்பமேன்னு போவ. எடுத்துட்டு நிமிந்தா, அதுக்குக் கீழ ஒரு ஆமை சுவத்துப் பொந்துல தூங்கிட்டு இருக்கும். அதையும் எடுப்ப. அதுக்குக் கீழ ஒரு வெள்ளமுனைச் சுறா. வெளிச்சம் கொறஞ்ச மாதிரியே இருக்காது, ஆழம் கூடுன மாதிரியே தோணாது. உன் முக்குளிப்பு அட்டையில 30 மீட்டர் வரைக்கும்னு அச்சடிச்சிருக்கு, சரிதான். கடலுக்கு வாசிக்கத் தெரியாதுலே.

அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. எங்களக் கீழ கொண்டு போனது கல்லு. கயித்துல கட்டி, அதுமேல காலு வச்சு நின்னா, ஒரே இறக்கம். அந்தக் கல்லு என் கண்ணுக்குத் தெரியும், வேண்டாம்னா காலை எடுத்துரலாம். உனக்கும் ஒரு கல்லு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. இறங்க இறங்க உன் ரப்பர் சட்டையிலயும் மேல மாட்டுன காத்துச் சட்டையிலயும் இருக்க காத்து சுருங்கும். சுருங்குனா மெதப்பு போகும். மெதப்பு போனா இன்னும் இறங்குவ, இறங்குனா இன்னும் சுருங்கும். தரை இருந்தா ஒரு எடத்துல குத்த வச்சு உக்காந்துரலாம். சுவருல உக்கார ஏது எடம்? அதனால படகுல இருக்கும்போதே எத்தன மீட்டர்னு முடிவு பண்ணிக்கோ, கையில கட்டுன ஆழம் காட்டுற பொட்டிய அடிக்கடி பாரு. ஆமையப் பாக்குற ஆசைய அதுல பாதியாச்சும் அந்தப் பொட்டிமேல வையி. "வேண்டாம் தாத்தா, நான் பாத்துக்கிடுவேன்"ன்னு சொல்லுவ. உங்க அப்பனும் அப்பிடிச் சொல்லிட்டுத்தான் சைக்கிள எடுத்தான். அந்தத் தழும்பு அவன் முட்டியில இருக்கு, போய்ப் பாரு.

அந்த உருளையில ஆக்சிஜன் இருக்குன்னு நம்ம பேப்பர்க்காரன் எழுதுவான். நீயும் உங்க பாட்டிகிட்ட அப்பிடித்தான சொன்ன. பொய். நம்ம திண்ணையில அடிக்கிற இதே காத்துதான், அமுக்கி அடைச்சது. சுத்த ஆக்சிஜன வச்சுட்டு 6 மீட்டருக்குக் கீழ போனா அதுவே வெசமா மாறி வலிப்பு வரலாம். 1943ல கூஸ்தோவும் காக்னானும்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க, வேணும்போது மட்டும் வாய்க்குக் காத்துத் தர்ற வால்வக் கண்டுபுடிச்சாங்க, அதுக்கப்புறந்தான் உன்ன மாதிரி ஆபீசுப் புள்ளைங்களுக்கெல்லாம் கடல் தொறந்துச்சு. அந்த கூஸ்தோவே 1980கள் கடைசியில சிப்பாடானுக்குக் கப்பலக் கொண்டு வந்து படம் புடிச்சுக் காட்டி, ஊரெல்லாம் பேரு பரவிச்சாம். இல்லன்னா ஆமை பாட்டுக்கு முட்டை போட்டுட்டு இருந்திருக்கும்.

மூச்சு விஷயத்துலதான் எனக்கும் உனக்கும் நேர் எதிர். நாங்க மூச்ச அடக்குனா சோறு. நீ அடக்குனா கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி கூட. ஏன்னு கேளு. நான் மேல இழுத்த ஒரு மூச்சோட போவேன். கீழ அது சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு விரியும், வரவும் செலவும் சரி. நீ கீழ போய் உருளையில இருந்து இழுக்க. 10 மீட்டர் ஆழத்துல நெஞ்சு நெறைய இழுத்தது மேல வந்தா ரெண்டு மடங்கு. 30 மீட்டர்ல இழுத்தது நாலு மடங்கு. வாயப் பொத்திட்டு மேல ஏறுனா அது எங்க போகும்? நெஞ்சுதான் கிழியும். அதுவும் கடைசி 10 மீட்டர்லதான் விரிவு அதிகம். கரை வந்துருச்சுன்னு நெனைக்கிற எடம்தான் மோசமான எடம். பேசிட்டே இருக்க புள்ள நீ, சின்ன வயசுல கோயில்ல பூசை நேரத்துலகூட உன் வாயப் பொத்த முடியாது. அந்தக் கொணத்த அங்க வச்சுக்கோ. விட்டுக்கிட்டே இரு, இழுத்துக்கிட்டே இரு.

ஆழத்துல காத்துச் செலவும் நாலு மடங்கு. மேல ஒரு மணி நேரம் வர்ற உருளை 30 மீட்டர்ல கால் மணி நேரம். இங்கதான் ஆம்பளைங்க ஒரு கூத்து பண்ணுவாங்க. கூட வந்த பொம்பளப் புள்ளைக்கு உருளையில இன்னும் 120 பார் காத்து இருக்கும், இவனுக்கு 70தான் இருக்கும், கைய மூடி மீட்டர மறைச்சுக்குவான். கௌரவம்! மத்தவங்களுக்கும் சேத்து முடிஞ்சு போகுமேன்னு வெக்கம். நீ மறைக்கணும்னா நல்லா மறை. 50க்கு வர்ற வரைக்கும் மறைச்சுட்டு, அப்புறம் அந்தப் புள்ளையோட மாத்துக் குழாயில தொங்கிட்டு மேல வா. கலியாணப் பேச்சு தன்னால நடக்கும். இல்ல, அது வேண்டாம்னா, பாதி தீந்ததும் விரலால சொல்லிரு.

விரலால சொல்றதுன்னதும் ஞாபகம் வந்துச்சு. கீழ போய் கட்டை விரலத் தூக்கிக் காட்டிராத. சினிமாவுல அது சூப்பரு. அங்க அதுக்கு "மேல போறேன்"னு அர்த்தம். நீ சந்தோசத்துல சுறாவப் பாத்துக் கட்டை விரலத் தூக்குவ, கூட வந்தவன் உன்ன மேல கூட்டிட்டு வந்துருவான், குடுத்த காசு போச்சு. நல்லாருக்கேன்னா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டம் போடணும். போடு, போட்டோவுக்கும் அழகா இருக்கும்.

கூட வர்றவன்னு சொன்னேன்ல. எங்க அப்பா காலத்துல முத்துக்குளிக்கப் போறவனுக்குக் கயிறு புடிக்கிறது பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோ. கூடப் பொறந்தவ தாலியறுக்க எவனும் மனசு வைக்க மாட்டான்ல, அதான் அந்த ஏற்பாடு. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961ல. அதுக்கப்புறம் முத்தும் போச்சு, மச்சானுக்கும் கடலுக்கும் இருந்த அந்தச் சம்பந்தமும் போச்சு. உனக்கு யாரோ ஒரு ஜெர்மன்காரனச் சோடி போடுவான். அவனுக்கு உன் தங்கச்சியக் குடுத்துச் சம்பந்தம் பேசுறதுக்கு நேரம் பத்தாது. அதனால படகுலயே அவன் வாரு, வால்வு, மீட்டர் எல்லாத்தையும் நீ தொட்டுப் பாரு, உன்னுத அவன் தொட்டுப் பாக்கட்டும். கூச்சப்படாத, அவன் கூச்சப்பட மாட்டான். கீழ போனதும் அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு பிரிஞ்சு போறதா இருந்தா, கயித்துக்கு மச்சான் இல்லாதவன் ரெண்டு பேரு கடல்ல இருக்கீங்கன்னு அர்த்தம்.

சுறாவப் பத்திப் பாட்டி கேக்கா. எங்க முன்னோருக்கு இதுக்கு ஆள் இருந்துச்சு, கடல்கட்டின்னு. முத்துப் பார்ல சுறா வராம மந்திரம் சொல்லிக் கடலக் கட்டுவாரு. 13ஆம் நூத்தாண்டுல வந்த மார்க்கோ போலோவே எழுதி வச்சிருக்கான், எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு மந்திரக்காரனுக்குன்னு. வெள்ளக்காரத் துரைமாருகூட அந்தக் குடும்பத்துக்குக் கூலி குடுத்துத்தான் குளிப்ப நடத்துனாங்க, இல்லன்னா எவனும் தண்ணியில காலு வைக்க மாட்டான்னு அவனுக்குத் தெரியும். இப்ப நீ கட்டுற இன்சூரன்சு இருக்குல்ல, அதுவும் அதேதான். பணத்தக் கட்டு, மனசு கட்டுப்படும். சிப்பாடான் சுவருல இருக்க வெள்ளமுனைச் சுறாவுக்கு உன் மேல ஆசை கிடையாது. பகல்ல மணல் திட்டுல படுத்துக் கெடக்கும்.

பயப்பட வேண்டியது கிளாத்திக்கு. சிரிக்காத. நம்ம வலையில வர்ற சின்னக் கிளாத்தியில்ல, முக்கா மீட்டர் நீளம் வளரும், மஞ்சளும் கருப்புமா, பாறைய ஒடைக்கிற பல்லு. முட்டை போட்டுட்டா அந்த எடம் அதுக்குச் சொந்தம். அடியில குறுகலா, மேல போகப் போக அகலமா, தண்ணி மட்டம் வரைக்கும் அதுக்குப் பட்டா உண்டு. வெரட்டுனா நீ பயந்து மேல ஏறுவ, அந்த எல்லைக்குள்ளயே ஏறிட்டு இருப்ப, அதுவும் விடாம வந்து துடுப்பக் கடிக்கும். பக்கவாட்டுல ஓடு. பின்னால பாத்துக்கிட்டே ஓடு, காலத் துடுப்பால மறைச்சுக்கோ. அஞ்சாலை பொந்துல இருந்து தலைய நீட்டி வாயத் தொறந்து தொறந்து மூடும். அது கடிக்க இல்ல, மூச்சு விடுது. அதுக்குள்ள விரல விட்டுப் பாத்தாத்தான் கடிக்கும், அந்த மாதிரி யோசனை உனக்கு வரும்.

ஆமைக் குகைன்னு ஒண்ணு இருக்காம், படகுத்துறைக்குக் கிட்டயே, சுவத்துல 20 மீட்டர் வாக்கில வாசல். உள்ள இருட்டு, வழி பிரியும். வழி தவறிப் போன ஆமைங்க மூச்சு முட்டிச் செத்து, எலும்பு எலும்பாக் கெடக்காம். ஆமைக்கும் மேல வந்துதான் மூச்சுங்கிறது ஞாபகம் இருக்கட்டும். காலமெல்லாம் கடல்லயே திரியுற சாதி, அதுக்கே வழி தெரியல. நீ கோலாலம்பூர்ல மால்ல கார் நிறுத்துன எடத்தத் தேடி ஒரு மணி நேரம் அலைஞ்சவன். தாராளமா உள்ள போ.

சீலா மீனு ஆயிரக்கணக்குல சுத்திச் சுத்தி ஒரு தூணு மாதிரி நிக்கிறதப் பாக்கத்தான் உலகமே அங்க போகுதாம், பேரே பாரகுடா முனையாம். அங்க நீவாடு பலமா இருக்கும். மீன் கூட்டம் நிக்கிற எடத்துல நீரோட்டம் இருக்கும்னு நம்ம தெருவுல மூக்கொழுகிப் பயகூடச் சொல்லுவான். நீ பாக்க வேண்டியது மீன இல்ல, உன் மூச்சுக் குமிழிய. அது மேல போகாம கீழ போச்சுன்னு வையி, சுவத்தோரம் தண்ணி கீழ இழுக்குன்னு அர்த்தம். மீனெல்லாம் தலைய மேல தூக்கி நீந்திட்டு நிக்கும். அப்ப மேல பாத்து ஒதச்சு ஒதச்சு ஏறப் பாக்காத, காத்துத்தான் தீரும். கிட்டன்னா பாறையப் புடிச்சுக்கோ, இல்லாட்டி சுவர விட்டு வெளிப்பக்கம் நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வா, காத்துச் சட்டையில கொஞ்சம் காத்து ஏத்து. வெளிய வந்ததும் ஏத்துன காத்த விடணும், இல்லன்னா குண்டு போட்ட மாதிரி மேல போயிருவ. நீரோட்டத்தோட மல்லுக்கட்டி ஜெயிச்சவன நான் பாத்ததில்ல. குறுக்க போனவன் கரைக்கு வந்திருக்கான். மேல வந்து தலைய நீட்டுனா, அலையில உன் தலை படகுக்காரனுக்குத் தேங்கா அளவுக்குக்கூடத் தெரியாது. ஆரஞ்சு நெறத்துல ஊதுற குழாய் ஒண்ணு வாங்கிருக்கியே, அத வீட்டுல பத்திரமா வச்சுட்டுப் போயிராத.

30 மீட்டர்ல இன்னொரு வேடிக்க. காத்துல இருக்க நைட்ரஜன் அழுத்தத்துல மயக்கம் குடுக்கும். வெள்ளக்காரன் 10 மீட்டருக்கு ஒரு கிளாஸ் மார்ட்டினின்னு கணக்கு வச்சிருக்கான், வெறும் வயித்துல. நமக்குத் தெரிஞ்ச கணக்குல சொன்னா பனங்கள்ளு. குடிக்காத புள்ளன்னு உங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா, கடல் ஓசியில ஊத்திரும். திடீர்னு எல்லாம் அழகாத் தெரியும், மீட்டர் பாக்கணும்னே தோணாது, சிரிப்பு வரும். மீனுக்கு உன் குழாயக் குடுக்கலாமேன்னு தோணுச்சுன்னா, போதும், நாலஞ்சு மீட்டர் மேல ஏறு. உடனே தெளியும், தலைவலியும் கிடையாது. கள்ளுக்கடையில அந்த வசதி இல்ல.

மத்ததெல்லாம் சின்னச் சங்கதி. காது வலிக்கிறதுக்கு முன்னாலயே மூக்கப் புடிச்சு ஊது, வலிச்சப்புறம் ஊதுறதுல பிரயோசனம் இல்ல. சளி புடிச்சிருந்தா படகுலயே உக்காந்து மத்தவங்க செருப்பக் காவல் காரு. கண்ணாடி பனிபடிக்காம இருக்க எச்சில் துப்பித் தேய்க்கணுமாம். கடையில அதுக்கு மருந்து விக்கானாம், ஊர்ப்பட்ட வெலை, துப்பு நம்மகிட்ட ஓசியில இருக்கு. சிவப்புச் சட்டை எடுத்திருக்கியாம், 10 மீட்டருக்குக் கீழ சிவப்பே இருக்காது, சாம்பல்ல முக்குன மாதிரித்தான் தெரியும். கை கிழிஞ்சா ரத்தமே பச்சையாத் தெரியும், பயந்துராத. டார்ச்ச அடிச்சா சுவரு சிவக்கும், அதப் பாரு. கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தா எல்லாமே மூணுல ஒரு பங்கு பெரிசாத் தெரியும். கரைக்கு வந்து நீ சுறாவோட நீளத்தச் சொல்லும்போது நான் கழிச்சுக்குவேன், கவலப்படாத. தண்ணிக்குள்ள போனாலே ஒண்ணுக்கு முட்டும், அது ஒடம்போட கொணம், குளிரும் அழுத்தமும் ரத்தத்த உள்ள தள்ளும். ரப்பர் சட்டைக்குள்ளயே போறவன், போகலன்னு பொய் சொல்றவன்னு ரெண்டு சாதிதானாம். வாடகைச் சட்டைய மோந்து பாத்து வாங்கு.

பவளத்தத் தொடாத. நான் சொல்லுதேன், சிரிப்பா இருக்கும். அது கல்லு இல்ல, புழு மாதிரி உசுரு, கோடி கோடியா ஒட்டி வாழுது. உன் துடுப்பு தட்டி ஒடையுறது வளர ரொம்ப வருசம் ஆகும். நம்ம கடல்லயும் இருந்துச்சு. வண்டி வண்டியா வெட்டிச் சூளையில போட்டுச் சுண்ணாம்பாக்குனாங்க; அந்தச் சுண்ணாம்பு பூசுன சுவரு எத்தனையோ வீட்டுல இன்னும் நிக்கி. 2001லதான் பவளத்த வனவிலங்குச் சட்டத்துல புலியோட வரிசையில சேத்தாங்க. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும். நாங்க பண்ணுனது அது. இப்ப உன்னத் தொடாதங்கோம்.

சிப்பாடான் கரையில வெள்ள வெளேர்னு மணல் கெடக்கும். நிச்சயதார்த்தம் ஆன சோடியெல்லாம் அதுல உருண்டு படம் எடுப்பானுக. அந்த மணல்ல நெறைய எங்கருந்து வருது தெரியுமா? நெத்தி புடைச்ச கிளிமீன் அங்க கூட்டமாத் திரியும், ஆளு பாதி உயரம். பவளத்தக் கடிச்சு அரைச்சுத் தின்னுட்டுப் பின்னால விடும். பெரிய மீன் ஒண்ணு வருசத்துக்கு 5 டன்னுக்கு மேல பாறை திங்குமாம். மணல அள்ளித் தலையில போட்டு விளையாடுற புள்ளைங்ககிட்ட நீ ஒண்ணும் சொல்லிராத. ஊருக்கு வந்தப்புறம் சொல்லு.

கடைசியா மேல வர்ற விஷயம், இதுல வெளையாட்டு இல்ல. நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறாத. 5 மீட்டர்ல 3 நிமிசம் சும்மா நில்லு. ஒடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவா வெளியேற நேரம் குடுக்கணும், அவசரமா ஏறுனா அது ரத்தத்துலயே குமிழி விடும். நம்ம ஊர்லயே கம்ப்ரசர் வச்சு நீளக் குழாய வாயில மாட்டிட்டுச் சங்கு எடுக்கப் போற பையங்கள எனக்குத் தெரியும். கையில மீட்டர் கிடையாது, படிப்புக் கிடையாது, நாள் பூரா கீழ கெடந்துட்டுச் சட்டுனு மேல வருவானுக. சாயங்காலம் தோள்மூட்டு வலிக்குதும்பான். காலையில எந்திரிச்சா இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. கயித்துக் கட்டுலோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன பையன் வயசு உன் வயசு. அவனுக்கு யாரும் பொஸ்தகம் வாசிச்சுச் சொல்லல. உனக்குப் பெரிய விலைக்குச் சொல்லிக் குடுத்திருக்கான், அந்த 3 நிமிசத்த மட்டும் செல்போன் பாக்குற அவசரத்துல முழுங்கிராத.

அதே காரணத்துக்காகத்தான் விமானமும். மேல போனா அழுத்தம் இன்னும் கொறையும், உள்ள மிச்சம் இருக்க நைட்ரஜன் அங்க வச்சுக் குமிழி விடும். நாலஞ்சு தடவ முங்குனவன் 18 மணி நேரம் தரையிலயே கெடக்கணும்னு பொஸ்தகத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்த உன் தங்கச்சி ரெண்டு தரம் வாசிச்சா, நான் வாசிக்கச் சொன்னேன். நீ ஞாயித்துக்கிழமை காலையில சுவருக்குப் போயிட்டு, சாயங்காலமே தவாவ்ல விமானம் ஏறுறன்னு உங்க அம்மா வாய் தவறிச் சொல்லிட்டா. டிக்கெட்ட மாத்து. மாத்துறதுக்கு ஆகுற காச நான் தர்றேன், சங்குக் காசு இன்னும் கொஞ்சம் கெடக்கு. திங்கக்கிழமை லீவுக்கு உன் மேனேஜர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலன்னா, தாத்தாவுக்கு ரொம்ப முடியலன்னு சொல்லிக்கோ. செத்துட்டாருன்னு மட்டும் சொல்லாத, தீவாளிக்கு ஒரு தடவையும் கிரிக்கெட்டுக்கு ஒரு தடவையும் ஏற்கனவே என்ன அடக்கம் பண்ணிட்ட, உன் தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா.